கோத்தகிரி ஆயில், அடையாறு வெயில்

மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை ஐந்து மணிக்குக் கோத்தகிரியிலிருந்து சென்னைக்குக் கிளம்பினோம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மே மாதத்தில் சென்னைக்குப் போகிறவர்களை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை. நான் ஓட்டினேன். இருபத்தாறு வருடம் இதே மலையில் டாக்சி ஓட்டிய என் கணவர் மாணிக்கம் தன் சொந்த வண்டியில் முதல் தடவையாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அவருக்குக் கணையத்தில் கட்டி. கோயம்புத்தூர் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

ரயிலில் போகலாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்தக் கார்தான் அவருக்குப் பிள்ளை. "போறதும் வர்றதும் என் வண்டிலதான் சரசு. திரும்பி மேல வர்றப்ப என்னை ஆம்புலன்ஸ்ல ஏத்தினே, எந்திரிச்சு உதைப்பேன்" என்றார். சரி என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியம்தான் இந்தப் பயணம் முழுக்க என் கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து ஆயில் பார்க்கச் சொன்னார். இன்ஜினுக்குள் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று காட்டும் நீளமான கம்பி ஒன்று உண்டு. அதில் கம்பெனிக்காரன் இரண்டு ஓட்டை போட்டு வைத்திருப்பான், அந்த இரண்டுக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும். ஆனால் அது சமதளத்தில் வாழ்கிறவர்களுக்கான கணக்கு. எங்கள் தெருவில் வண்டிகள் எல்லாம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில்தான் நிற்கும். ஆயில் பின்பக்கம் சரிந்துவிடும், கம்பியில் குறைவாகக் காட்டும். அதனால் எங்கள் தெரு டிரைவர்கள் எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். ஃபுட்பால் மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சரியாக ஆயில் ஊற்றி, வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்து, கம்பியை உருவி, ஆயில் நிற்கும் இடத்தில் அரத்தால் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்வார்கள். மாணிக்கத்தின் கோடு கீழ் ஓட்டைக்கும் ஒரு விரல் கீழே இருந்தது. எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த அன்றே இந்தக் கோட்டையும் காட்டிக் கொடுத்தார். ஓட்டைகளை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

"கோட்டுல இருக்குதா?"

"இருக்குங்க."

"அப்ப எடு."

டிக்கியில் அதே ஆயில் இன்னொரு டப்பா வைத்திருந்தார். மேலே 5W-30 என்று எழுதியிருக்கும். வண்டி வைத்திருந்தும் இந்த எண் என்னவென்று கேட்காதவர்கள் நம்மில் பாதிப் பேர், ஆகையால் சொல்லி வைக்கிறேன். முதல் எண் குளிருக்கு. அது சின்னதாக இருந்தால் ஆயில் குளிரிலும் இளகி இருந்து, காலையில் சாவி திருப்பியதும் இன்ஜின் முழுக்க ஓடிவிடும். இரண்டாவது எண் இன்ஜின் சூடேறின பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. மலையில் எங்களுக்கு முதல் எண்தான் உயிர். "காலைல ஸ்டார்ட் ஆகாத டாக்சிக்கு எவன் வருவான்?" என்பார் மாணிக்கம்.

முப்பத்து மூன்று கிலோமீட்டர் இறங்கி மேட்டுப்பாளையம் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். அவிநாசியில் ஜன்னலை இறக்கினோம். சேலம் தாண்டியதும், இறக்கினால் அனல் வருகிறது என்று மறுபடி ஏற்றினோம். ஏசி வேலை செய்யாமல் போய் எத்தனையோ காலம் ஆகிறது, மலையில் அது யாருக்கு வேண்டும்? உளுந்தூர்பேட்டையில் ஒரு இளநீர் எழுபது ரூபாய். பாதி குடித்துவிட்டு, வண்டி ஓரமாக வாந்தி எடுத்தார். எடுத்து முடித்ததும் பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "வண்டிக்கும் காய்ச்சல் அடிக்குது" என்றார்.

கிண்டிப் பாலம் இறங்கும்போது மாலை ஆறரை. அங்கிருந்து மத்திய கைலாஷ் சிக்னலைத் தாண்ட ஐம்பது நிமிடம் ஆனது. அதே நேரத்தில் நாங்கள் மலையை விட்டே இறங்கிவிடுவோம். ஒரு பக்கம் கிண்டிக் காட்டின் மதில் சுவர், உள்ளே மரங்கள், ஒரு இலைகூட ஆடவில்லை. கிளட்சிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. சென்னையில் வண்டி ஓடுவதைவிட நின்றுகொண்டு சூடாவதுதான் அதிகம் என்பதை அன்று மாலையே தெரிந்துகொண்டேன். அது ஏன் முக்கியம் என்று அப்போது தெரியவில்லை.

அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டு மாடி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கென்றே அறை அறையாகப் பிரித்து விட்டிருந்தார்கள். நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய், மின்விசிறி உண்டு, சமைக்க ஒரு ஸ்டவ். பக்கத்து அறைகளிலும் எங்களைப் போன்றவர்கள்தான். ராத்திரியில் எந்த அறையில் இருமுகிறார்கள் என்று இருமலை வைத்தே சொல்லிவிடலாம். வீட்டுக்காரம்மா மட்டும் நல்ல மாதிரி, கார் நிறுத்தக் கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே சிமென்ட் தரை, கேரம் போர்டு மாதிரி மட்டமாக இருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் கோட்டுக்கு நன்றாக மேலே இருந்தது.

"கோட்டுக்கு மேல நிக்குதுங்க."

"கீழ ஊர் சூட்டுக்கு விரிஞ்சிருக்கும். நல்லதுதான்" என்றார் படுத்துக்கொண்டே.

ஊசி மருந்து தொடங்கினார்கள். ஏற்றிய அன்று ஒன்றும் தெரியாது, மறுநாள் ஆளைச் சாய்த்துவிடும். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தாலும் நடக்க முடியாது, வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது. ஒரு கிலோமீட்டர் போக, வர, காத்திருக்க என்று வண்டி ஊர்ந்துகொண்டே இருந்தது. அவர் மெலிய மெலிய வண்டியைப் பற்றி விசாரிப்பது அதிகமானது. காலையில் எழுந்ததும் வலி இருக்கிறதா என்று நான் கேட்பேன். அதற்குப் பதில் சொல்லாமல், "கோட்டுல இருக்குதா?" என்று அவர் கேட்பார். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஆயில் ஒரு நாள் சரியாகக் கோட்டில் வந்து நின்றது. "கரெக்டா கோட்டுல இருக்குங்க" என்றேன். சென்னைக்கு வந்ததிலிருந்து அவர் முகத்தில் நிம்மதியைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு ஸ்கேனுக்காகத் தி. நகர் போக வேண்டியிருந்தது. பனகல் பார்க் பக்கம், பகல் பன்னிரண்டு மணி. புடவைக்கடைப் பைகளோடு ஜனம் வண்டிகளுக்கு நடுவில் புகுந்து போய்க்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றபோது எனக்கு எதிரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு. ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்தது, விட்டால் எரிந்தது. அடியில் யாரோ டம்ளரை உருட்டுவது போல ஒரு சத்தம்.

"ஆஃப் பண்ணு! உடனே ஆஃப் பண்ணு!" அவ்வளவு சத்தமாக அவர் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அணைத்துவிட்டேன். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா, நடு ரோட்ல நிறுத்திக்கினு? பின்னாடி இவ்ளோ பேரு நிக்கிறாங்க, தெரியல?"

இறங்கி வந்தவர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். கறுத்துப் போன முகத்தையும் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியையும் பார்த்ததும் குரலே மாறிவிட்டது. "சாருக்கு ஒடம்பு முடியலையா? நீ ஸ்டியரிங்கைப் புடிம்மா, நான் தள்றேன்." தள்ளி ஓரம் கட்டினார். "ஆயில் லைட்டா? வண்டி ஆறட்டும். காலைல வெயில் ஏர்றதுக்குள்ள மைலாப்பூர் எடுத்துக்கினு போ. பஜார் ரோடு பின்னாடி தயாளன்னு கீறான். என் வண்டி அவன்கிட்டதான்." ஸ்கேன் எடுக்குமிடத்துக்கு எங்களை அவரே ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினார். மீட்டரைப் போடவும் இல்லை, காசு வாங்கவும் இல்லை. சாயங்காலம் ஆறிப்போயிருந்த வண்டியை மெதுவாக ஓட்டிக் காந்தி நகர் கொண்டுவந்து சேர்த்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு நான் மட்டும் மயிலாப்பூர் போனேன். கிளம்பும் முன் அவர் கேட்டார், நானும் கோட்டில் இருக்கிறது என்றேன். தயாளனின் ஒர்க்‌ஷாப் என்பது இரண்டு கார் நிற்கும் சந்து. ஐம்பது வயதுக்காரர். கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு உருவினார்.

"இன்னாம்மா, ஒரு லிட்டருக்கு மேல கொறையுது. இத்த வெச்சா ஓட்டிக்கினு இருந்த?"

"கோட்டுல இருக்குதேங்க."

"இன்னா கோடு? இந்த ரெண்டு ஓட்டைக்கு நடுவுல நிக்கணும். இங்க பாரு, கீழ் ஓட்டையைக்கூட தொடல. யாரு போட்ட கோடு இது?"

அந்தச் சந்தில் நின்றபடி காலடியில் இருந்த தரையைப் பார்த்தேன். மட்டமான தரை. காந்தி நகர் சிமென்ட் தரையும் மட்டம். மலைச் சரிவுக்காகக் கீறிய கோட்டை மட்டத் தரையில் வைத்து நாங்கள் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். கோட்டுக்கு மேலே நின்றபோதுதான் ஆயில் சரியாக இருந்தது. கோட்டில் வந்து நின்ற அன்று, அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிய அன்று, வண்டி பாதி உலர்ந்திருந்தது.

டிக்கியிலிருந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். ஊற்றி, அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டார். சூடேறியதும் விளக்கு மறுபடி மினுக்கியது.

"ஆயில் கம்மியா ஓடி பேரிங் அடி வாங்கிருச்சி. இனிமே இந்த ஆயில் நிக்காது, சூட்ல தண்ணி மாரி ஆயிடுது. இங்க குளிர் ஏது? உன் மொத நம்பரே இங்க வேஸ்ட்டு. 20W-50 ஊத்தினா கெட்டியா நிக்கும், சத்தமும் அடங்கிடும்" என்றார். பிறகு கேட்டார். "எவ்ளோ நாள் இங்க இருப்பீங்க? பத்து நாள்னா இதையே வெச்சி சமாளிக்கலாம். ரெண்டு மூணு மாசம்னா மாத்திடு."

வண்டி ஆயிலுக்கு அவர் கேட்ட கேள்வி அது. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அறைக்கு வந்து அவரிடம் கோட்டு விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலானது. அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "கட்டி என்னைக் கேட்டுட்டு வரல சரசு. இந்தக் கோடு நான் போட்டது" என்றார். கோயம்புத்தூரில் ஸ்கேன் முடிவு வந்தபோதுகூட அவர் இப்படி உடைந்துபோகவில்லை.

ஆனாலும் கெட்டி ஆயில் கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். "அதை ஊத்தினா மேல குளிர்ல காலைல முனகும். ஐப்பசிக்குள்ள நாம போயிருவோம்ல?"

"போறப்ப போறோம். இப்ப இங்க ஓட வேண்டாமா?"

"கொஞ்சநாள்தானே. மெதுவா ஓட்டு."

"இதுக்கும் மெதுவா ஓட்டணும்னா இறங்கித் தள்ளத்தான் வேணும்!"

பக்கத்து அறைக்காரர்கள் கேட்கும்படி சண்டை போட்டோம். நான் சொன்னது நியாயம் என்பது அவருக்குத் தெரியும். கெட்டி ஆயில் ஊற்றினால் இங்கேயே இருக்கப் போகிறோம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. அதற்குத்தான் அவர் பயந்தார். எனக்கு அது புரிந்தது, புரிந்தும் கோபம்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்கேன் படத்தோடு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனேன். அவர் நிறையச் சொன்னார், ஒன்றும் தலையில் ஏறவில்லை. கடைசியில் நான் கேட்டேன்: "டாக்டர், எங்க வண்டிக்கு ஆயில் மாத்தணும். நாங்க இங்க எவ்வளவு நாள் இருப்போம்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி வாங்கிடுவேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஊர் எவ்வளவு தூரம்மா?"

"ஐந்நூத்தி நாப்பது கிலோமீட்டர்."

"அவ்வளவு தூரம் அவரால இனி போக முடியாதும்மா" என்றார். சிரித்து மழுப்பாமல் சொன்னார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை இன்றும் மதிக்கிறேன்.

திரும்பி வந்து, டாக்டர் பார்க்கலாம் என்றார் என்று பொய் சொன்னேன். இத்தனை வருடம் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டியவரிடம் பொய் எடுபடுமா?

"சரசு, அந்தக் கெட்டி ஆயிலையே வாங்கி ஊத்திடு."

இத்தனை நாள் எதற்காகச் சண்டை போட்டேனோ அதை அவரே சொல்கிறார். "வேண்டாங்க. மேல குளிர்ல முனகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"முனகினாலும் ஸ்டார்ட் ஆகிடும். இந்தப் பேரிங்கோட, மே வெயில் மாதிரி வெயில்ல, ஐந்நூத்தி நாப்பது கிலோமீட்டர் அந்த ஆயில் தாங்காது. நடுரோட்ல நீ தனியா நிக்கக்கூடாது. வண்டி உன்னை வீட்ல கொண்டுபோய்ச் சேர்க்கணும், அவ்வளவுதான்."

தனியா என்ற வார்த்தையை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். வரிசையாக வண்டிச் சாமான் கடைகள், நடைபாதை முழுக்க டயர். ஆயில் கடையில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார், வெள்ளைத் தாடி, பளிச்சென்ற சட்டை. மூன்றரை லிட்டர் டப்பாவை எடுத்து வைத்தார், ஆயிரத்து முந்நூறு ரூபாய்.

"எந்த ரூட்ல ஓடுற வண்டிம்மா?"

"கோத்தகிரி வரைக்கும் போகணும் பாய்."

"மலை ஏறணுமா? லோடு எவ்ளோ? எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான்."

சொல்லிவிட்டேன். அவர் அங்கே அறையில் கஞ்சிக்குக் காத்துக்கொண்டு உயிரோடு இருந்தார், நான் இங்கே சாலையோரம் நின்று அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். பாய்க்கு என்ன தெரியும்? "அப்ப ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா, இதுவே ஜாஸ்தி" என்று பையில் போட்டுக் கொடுத்தார்.

தயாளன் பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினார். இளந்தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. விளக்கு எரியவில்லை, டம்ளர் சத்தமும் நின்றுபோனது. அன்று மாலை கீழே கேட் திறந்ததும் இன்ஜின் சத்தம் மாடிக்குக் கேட்டிருக்கிறது. நான் படியேறிப் போனபோது, "சத்தம் நல்லா இருக்குது" என்றார். மறுநாள் காலை அவர் கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

ஜூன் கடைசியில் ஒரு விடியற்காலை, முதல் பால் வண்டி போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார். என் அண்ணன் ஊரிலிருந்து வந்தார். பெசன்ட் நகர் மின்மயானத்தில் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்தால் கடற்காற்று, ஐஸ்கிரீம் வண்டி, பந்து விளையாடுகிறவர்கள். இந்த ஊர் எதற்கும் ஒரு நிமிடம் நிற்பதில்லை. நல்லதுதான் என்று அண்ணன் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது.

வண்டியை இங்கேயே விற்றுவிட்டு ரயிலில் போகலாம் என்றார் அண்ணன். முடியாது என்றேன். அவரை ரயிலேற்றி அனுப்பிவிட்டு, மறுநாள் விடிவதற்குள் தனியாகக் கிளம்பினேன். சாம்பல் கலயத்தைத் துணியில் கட்டிப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன். ஆம்புலன்ஸில் ஏற்றவில்லை. தன் வண்டியில்தான் மேலே வந்தார். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாய் என்று யாராவது சொன்னால் அவர்களை அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

சேலத்துக்கு அப்புறம் வெயில் தகித்தது. விளக்கு எரியவில்லை. மேட்டுப்பாளையத்தில் பத்து நிமிடம்கூட ஆறவிடாமல் மலை ஏறினேன், அப்போதும் எரியவில்லை. அவர் கணக்கு தப்பவில்லை. வீட்டு வாசலில் எப்போதும்போல் மூக்கை மேடு பார்த்து நிறுத்திவிட்டு, இன்ஜின் ஆறியதும் பானெட்டைத் திறந்து கம்பியை உருவினேன். மயிலாப்பூரில் தப்பாகிப்போன அந்தக் கோட்டில் ஆயில் சரியாக வந்து நின்றிருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், கேட்கத்தான் ஆள் இல்லை.

இதை எழுதுவது மார்கழியில். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. அவர் சொன்ன மாதிரியே வண்டி காலையில் முனகுகிறது, இரண்டு மூன்று தடவை சாவி திருப்பிய பிறகுதான் எழுந்திருக்கிறது. பக்கத்து வீட்டு டிரைவர் தினமும் சத்தம் கேட்டு வெளியே வருகிறார். "அக்கா, சென்னை ஆயில் இங்க ஆகாதுங்க. வடிச்சுட்டு மெல்லிசு ஊத்திருங்க, பத்து நிமிச வேலை" என்கிறார். ஆகாது என்று எனக்கும் தெரியும். மாணிக்கம் இருந்தால் இதற்குள் என்னை ஒரு வழி பண்ணியிருப்பார். நாளைக்கு மாற்றுகிறேன் தம்பி என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். அந்த ஆயில் அவர் எனக்காகத் தேர்ந்தெடுத்த கடைசிச் சாமான். அதை வடித்துவிட்டால், எனக்கு எது தாங்கும் எது தாங்காது என்று பார்த்துச் சொல்ல இனி யாரும் இல்லை. இன்று காலை மூன்றாவது தடவையில் ஸ்டார்ட் ஆனது.